தீர்த்தகிரி கடை நம்பர்

சர்வர் மேகத்தில் இருக்கிறது என்று படித்தவர்களும் படிக்காதவர்களும் ஒன்றுபோல நம்பிவருகிறார்கள். இந்த நம்பிக்கை எவ்வளவு பரவலானதோ அவ்வளவு பிழையானது. இதை இனியும் திருத்தாமல் விட்டுவைப்பது வருங்காலத்துக்குச் செய்கிற துரோகம். மேகத்தில் இருப்பது தண்ணீர். சர்வர் இருப்பது திருச்சியில், ஒரு கல்யாண மண்டபத்தின் பின்பக்க மாடியில், தாய்த்தடம் அறக்கட்டளை வாடகைக்கு எடுத்திருக்கும் அறையில். அந்தக் கட்டடத்தில் ஏசி உள்ள அறை அது ஒன்றுதான் என்பதால் ஊழியர்கள் மதியச் சாப்பாட்டை அங்கேதான் பிரிப்பார்கள், முகூர்த்த நாட்களில் கீழேயிருந்து நாதஸ்வரமும் சாம்பார் வாசனையும் ஏறிவந்து அதன்மேல் படியும். மேலூத்துப் பெண்களின் வயிற்றை அந்த சர்வர் வீட்டுக்கு வீடு தூக்கி வைத்து விளையாடியது என்று அடிவாரத்தில் சொல்லிக்கொள்வது இதனினும் பெரிய பிழை. சர்வருக்கு விளையாடத் தெரியாது. இரண்டு இடத்தில் இரண்டு விதமாக இருப்பதை ஒரே விதமாக ஆக்கு என்று அதற்குச் சொல்லியிருந்தார்கள். அது ஆக்கியது.

மேலூத்து, மலையுச்சிக்குச் சற்றுக் கீழே, மிளகும் பலாவும் விளைகிற ஊர். அங்கே எல்லா வீட்டிலும் செல்போன் உண்டு, பாட்டுக் கேட்கவும் டார்ச் அடிக்கவும். பேசுவதற்கான போன் ஒன்றே ஒன்றுதான், அது தீர்த்தகிரியின் மளிகைக்கடை உத்தரத்தில், ஓர் ஆணியில், பாலிதீன் பைக்குள் தொங்கியது. ஆணியில் தொங்கும்வரை இரண்டு கோடு சிக்னல் இருக்கும், ஒரு சாண் இறக்கினால் செத்துவிடும்; ஆகவே பேச வேண்டியவர்கள் அரிசி மூட்டைமேல் ஏறி நின்று, ஆணியில் தொங்குகிற போனுக்குத் தங்கள் காதைக் கொண்டுபோய்க் கொடுத்துப் பேசுவார்கள். யார் எதற்கு நம்பர் கேட்டாலும் மேலூத்துக்காரர்கள் தீர்த்தகிரி கடை நம்பரைச் சொல்வார்கள். ஓடிபி வந்தால் தீர்த்தகிரி கடை வாசலில் நின்று அந்த இலக்கங்களைத் தெருவுக்கே கேட்கும்படி கத்துவார். யாருடையதோ அவர் எடுத்துக்கொள்ள வேண்டியது. இதில் ஒரு குழப்பமும் வந்ததில்லை.

தாய்மாரின் உடல்நிலையைக் கணினியில் பதிந்துவைக்கும் தாய்த்தடம் திட்டத்துக்காக அடிவாரத்திலிருந்து பஸ் ஏறி வந்துபோன பியூலா, ஊரில் பிள்ளை பெறக்கூடிய வயதிலிருந்த ஏழு பெண்களையும் தன் கையடக்கக் கணினியான டேப்பில் பதிவு செய்தபோது, ஏழு பேரும் அந்த நம்பரையே சொன்னார்கள். அவள் நர்ஸ் இல்லை, களப்பணியாளர். அதை முதலில் நாலைந்து முறை எடுத்துச் சொன்னாள், பிறகு நர்சம்மா என்று கூப்பிட்டதற்குத் திரும்பிப் பார்க்கப் பழகிக்கொண்டாள். ஏழு வீட்டிலும் எடை, ரத்த அழுத்தம், ரத்தச்சோகை எல்லாம் பார்த்துப் பதிந்துவிட்டு, கடைசியில் டேப்பைத் தூக்கிக்கொண்டு கழுகுப்பாறைக்கு ஏறுவாள். அந்தப் பாறையில்தான், காற்று கிழக்கிலிருந்து வீசும்போது மட்டும், சமவெளி டவரின் சிக்னல் டேப்புக்குக் கிடைக்கும். கிடைத்த கணமே, யாரும் எதையும் அழுத்தாமல், டேப்பில் இருப்பது திருச்சிக்குப் போகும், திருச்சியில் இருப்பது டேப்புக்கு வரும், திரையில் ஒரு பச்சை வட்டம் சுற்றி நிற்கும்.

அந்த ஏழு பேரில் பவளாயி என்பவளுக்குக் கல்யாணமாகிப் பதினோரு வருஷம் கழித்து வயிறு நிறைந்தது. அவள் கணவன் பெரியண்ணன், சேதி தெரிந்த அன்று பலா மரத்தில் ஏறியவன், எதற்கு ஏறினோம் என்பதை மறந்து சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தான். ஐந்தாம் மாதம், கர்ப்பத்தை முதன்முறையாகப் பதியப் பியூலா வந்தபோது, இருக்கிற மகிழ்ச்சியில் முதல் ஆளாகப் பவளாயியைப் பார்த்துப் பதிந்தாள், கடைசி ஆளாகச் சிலம்பாயியைப் பார்த்தாள், பாறைக்கு ஏறினாள், பச்சை வட்டம் சுற்றியது, இறங்கிவந்தாள். சிலம்பாயி தன் வாசலில் இரண்டு கையையும் பின்னால் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். அவள் வயிறு ஐந்து மாதத்துக்கு எழும்பியிருந்தது.

"நர்சம்மா, நாலு பெத்து ஆபரேசன் பண்ணிக்கிட்டவ நான். இது என் வயிறு இல்லீங்க."

பவளாயி அதற்குள் தன் வீட்டிலிருந்து வந்துவிட்டாள். அவளுடைய சேலை தட்டையாக விழுந்திருந்தது. ஆனாலும் இடுப்பில் ஒரு கையைக் கொடுத்தபடியே நடந்துவந்தாள், ஐந்து மாதப் பழக்கம். சிலம்பாயியின் பக்கத்தில் உட்கார்ந்து வயிற்றில் கை வைத்தாள்.

"உதைக்குதா மதினி?"

"உதைக்குது. எடது பக்கம்."

"அப்ப அதேதான்," என்றாள் பவளாயி.

பியூலா தீர்த்தகிரி கடைக்கு ஓடி, அரிசி மூட்டைமேல் ஏறி, அறக்கட்டளையின் உதவி மையத்தை அழைத்தாள். அந்தப் பக்கத்துக் குரல் அப்போதுதான் சாப்பாட்டை முடித்திருந்தது.

"மேடம், ஒரே நம்பர்ல ஏழு பதிவு இருந்தா சிஸ்டம் அதை ஒரே ஆள்னு சேர்த்துடும். அதுக்குத்தானே சிஸ்டம்."

"ஏழு பேரும் வேற வேற ஆளுங்க சார். ஏழு பேரும் இங்கதான் நிக்கறாங்க."

"இருக்கலாம் மேடம். இங்க ஒருத்தர்தான் இருக்காங்க."

"அப்ப அந்தக் கரு?"

"கடைசியா எந்தப் பேர்ல பதிஞ்சீங்களோ அந்தப் பேருக்குப் போயிருக்கும். கடைசியா எழுதினதுதான் நிக்கும் மேடம், அதான் விதி. நம்பர் மாத்தணும்னா கோரிக்கை அனுப்புங்க, பழைய நம்பருக்கு ஒரு ஓடிபி, புது நம்பருக்கு ஒரு ஓடிபி வரும்."

பெரியண்ணன் மறுநாளே அடிவாரத்துக்குப் போய்ப் புது சிம் வாங்கிவந்தான். மேலூத்தில் அதற்குச் சிக்னல் இல்லை; சிக்னல் இருக்கிற இடத்தில் பழைய நம்பரின் ஓடிபி கேட்கவில்லை, ஏனென்றால் தீர்த்தகிரி எவ்வளவு கத்தினாலும் அவர் குரல் மூன்றாவது கொண்டைஊசி வளைவுக்குக் கீழே இறங்காது. இருந்தும் பியூலா கோரிக்கையை அனுப்பினாள். அது பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. அது நெடுங்காலம் பரிசீலனையில் இருந்தது.

அதிசயங்களைக் கண்டு மக்கள் வாய் பிளந்து நிற்பார்கள் என்று எழுதுகிறவர்கள் மலைமேல் வாழ்ந்து பார்த்ததில்லை. அங்கே வேலை அதிகம். விதி என்ன என்பது தெரிந்துவிட்டது, கடைசியாக யாரைப் பதிகிறார்களோ அவளிடம் பிள்ளை. ஆகவே பவளாயியைக் கடைசியில் பதிந்தால் போயிற்று என்று ஊர் முடிவு செய்தது. அடுத்த முறை பியூலா அப்படியே செய்தாள், பிள்ளை பவளாயியிடம் வந்தது. ஆனால் காற்றுக்கு ஊரின் முடிவு தெரியாது. ஒரு நாள் நாலாவது வீட்டில் எடை பார்த்துக்கொண்டிருக்கும்போதே கிழக்குக் காற்று பள்ளத்தைத் தாண்டி ஊருக்குள் வந்து, டேப் தானாகச் சிக்னலை முகர்ந்து, பச்சை வட்டம் சுற்றிவிட்டது. எடைக்கருவிமேல் நின்றிருந்த பெண்ணின் எடை, அவள் நின்றிருக்கும்போதே ஏறியது. அன்றுமுதல் எந்த வீட்டில் எப்போது பிள்ளை இருக்கும் என்று யாரும் உறுதியாகச் சொல்ல முடியாததாயிற்று. சொல்ல முடியாததால் ஏழு வீடும் தயாராக இருக்க வேண்டியதாயிற்று.

பிள்ளை போகிற இடமெல்லாம் அதற்கு ஒரே ருசி கிடைக்க வேண்டும் என்று ஏழு வீட்டிலும் ஒரே நாளில் ஒரே குழம்பு வைத்தார்கள். இன்றைக்கு அவரை என்றால் ஏழு அடுப்பிலும் அவரை. வளைகாப்பு வந்தபோது, எந்த வயிற்றுக்குப் போனாலும் அதற்கு ஒரே சத்தம் கேட்க வேண்டும் என்று ஏழு பேருக்கும் ஒரே மாதிரி கண்ணாடி வளையல் அடுக்கினார்கள், ஏழு பேரும் கிணற்றடிக்கு வந்தால் ஊரே கலகலத்தது. பிள்ளை எந்த வீட்டிலோ அந்த வீட்டு வாசலில் பெரியண்ணன் கயிற்றுக் கட்டிலைக் கொண்டுபோய்ப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தான். முதலில் இதை அந்தந்த வீட்டு ஆண்கள் ரசிக்கவில்லை.

"என் வாசல்ல எதுக்குய்யா படுக்கற?" என்றான் சிலம்பாயியின் கணவன்.

"என் புள்ளை உள்ள இருக்குது."

"என் பொண்டாட்டியும் உள்ளதான்யா இருக்கா!"

"அதுக்குத்தான் வெளிய படுக்கறேன்," என்றான் பெரியண்ணன். சிலம்பாயியின் கணவன் உள்ளே போய் அவனுக்கு ஒரு போர்வை எடுத்துவந்து கொடுத்தான். பிற்பாடு கட்டிலை வீடு மாற்றித் தூக்குவதற்கு அவனே ஒரு முனை பிடித்தான்.

தீர்த்தகிரி பப்பாளி சாப்பிடுவதை விட்டார். அவர் மனைவி கேட்டதற்கு, நம்பர் யாருடையது என்று யோசித்துப் பார் என்றார்.

"ஏழு பேரைத் தாண்டி உங்ககிட்ட வருமாக்கும்? வந்தா வரட்டும், ஒரு பத்து மாசம் எச்சில் தட்டைக் கழுவிப் போடாம உக்காந்திருந்த மாதிரியாவது இருக்கும். இப்பவும் அப்படித்தான உக்காந்திருக்கீங்க."

இவ்வாறெல்லாம் ஊர் அதைத் தனக்குள் இழுத்துக்கொண்டுவிட்டாலும், பவளாயிக்கு மட்டும் இது பழகவில்லை. வயிறு தன்னிடம் இருக்கும் நாட்களில் அவள் தூங்குவதில்லை, போய்விடுமோ என்று. இல்லாத நாட்களிலும் தூங்குவதில்லை, வராமல் போய்விடுமோ என்று. ஏழாம் மாதத்தில் அந்த பயத்துக்கு ஒரு முகம் கிடைத்தது. அன்று பியூலா பவளாயியைக் கடைசியில் பதிந்து பாறைக்கு ஏறினாள், பச்சை வட்டம் பாதி சுற்றியது, காற்று திரும்பிவிட்டது. வட்டம் பாதியிலேயே நின்றது. கீழே சிலம்பாயியின் வயிறு வடிந்தது. பவளாயியின் வயிறு எழவில்லை. ஏழு பேரும் தீர்த்தகிரி கடை முன்னால் வரிசையாக உட்கார்ந்து அவரவர் வயிற்றில் கை வைத்துக்கொண்டார்கள், வளையல்கள் ஒன்றுகூடச் சத்தம் போடவில்லை, மேலே பியூலா டேப்பைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு கிழக்கைப் பார்த்து நின்றாள், வெயில் சாயும் வரை நின்றாள். மறுபடி காற்று வந்தபோது பவளாயியின் வயிறு நிரம்பியது. பிள்ளைக்கு விக்கல் எடுத்துக்கொண்டிருந்தது. அவ்வளவு நேரம் அது எங்கே இருந்தது என்று ஒருவரும் வாய்விட்டுக் கேட்கவில்லை.

அதன் பிறகுதான் பால் கேன் வந்தது. ஒருமுறை அடிவாரத்தில் தன் போன் காலிப் பால் கேனுக்குள் விழுந்தபோது சிக்னல் சுத்தமாகச் செத்ததைத் தீர்த்தகிரி நினைவுபடுத்தி, தன் கடையிலிருந்த பழைய அலுமினிய கேனைக் கொடுத்தார். பியூலா ஊருக்குள் நுழைந்ததும் டேப்பைக் கேனுக்குள் இறக்கி மூடியை அழுத்துவாள். ஒவ்வொரு வீட்டிலும் கதவைச் சாத்தி, பதியும் நேரத்துக்கு மட்டும் வெளியே எடுத்து, மறுபடி உள்ளே இறக்குவாள். பவளாயியைப் பதிந்த பிறகு, காற்று நிலையாக வீசுகிற நேரம் பார்த்து, பாறையில்தான் மூடியைத் திறப்பாள். இந்த முறை பிசகவில்லை. எட்டாம் மாதம் முழுவதும் பிள்ளை பவளாயியிடமே இருந்தது.

இந்த நாட்களில் பியூலா எப்போதும் முதல் ஆளாகப் பதிந்தது மாதேஸ்வரியை. பஸ் நிற்கும் இடத்துக்கு அடுத்த வீடு அவளுடையது என்பது வெளியே சொன்ன காரணம். மாதேஸ்வரிக்கு இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெண் குழந்தை பிறந்து, பிறந்த அன்றே போய்விட்டிருந்தது. ஆறு பெண்களுடைய வயிற்றிலும் ஏதோ ஒரு நேரம் இருந்துவிட்டுப் போன அந்தப் பிள்ளை, மாதேஸ்வரியிடம் மட்டும் ஒரு முறையும் போகாமல் பியூலா பார்த்துக்கொண்டாள். மாதேஸ்வரியும் மற்றவர்களோடு சேர்ந்து அவரைக் குழம்பு வைத்தாள், வளையல் போட்டுக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஒன்பதாம் மாதம் தொடங்கி, இன்னும் மூன்று வாரம் இருக்கிறது என்று பியூலா கணக்குப் போட்டிருந்த ஒரு புதன்கிழமை, முன்னறிவிப்பு இல்லாமல் மேற்பார்வையாளர் இன்பராஜ் தன் சொந்த டேப்போடு ஆய்வுக்கு வந்தார். பஸ்ஸில் வரும்போதே அதன் சார்ஜ் முழுக்கத் தீர்ந்து அணைந்துபோயிருந்தது. தீர்த்தகிரி கடையில் சார்ஜ் போட்டு உயிர்ப்பித்தபோது, இன்றைக்கு என்ன தேதி என்று அது அவரைக் கேட்டது. இன்பராஜ் சுவரில் தொங்கிய நாள்காட்டியைப் பார்த்துச் சொன்னார். அங்கே ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும்: பொட்டலம் மடிக்கக் காகிதம் தீர்ந்துபோகும் நாட்களில் தீர்த்தகிரி நாள்காட்டியில் ஒரு தாளைக் கிழித்து வறுகடலை மடித்துக் கொடுப்பார். ஊரில் எல்லோருக்கும் இது தெரியும் என்பதால் அந்த நாள்காட்டியை யாரும் தேதிக்காகப் பார்ப்பதில்லை, சாமி படத்துக்காகத்தான் பார்ப்பார்கள். அன்று அது வியாழக்கிழமையைக் காட்டிக்கொண்டிருந்தது.

இன்பராஜ் பிற்பகலில் ஊரின் மேல்கோடியிலிருந்து ஆய்வைத் தொடங்கி, ஒவ்வொருவராகத் தன் டேப்பில் பதிந்துகொண்டே வந்து, பஸ் நிற்கும் இடத்துக்கு அடுத்த வீட்டில் மூன்று மணிக்கு முடித்தார். கிளம்பும்போது, தான் வந்ததற்குச் சாட்சியாகக் கழுகுப்பாறைக்கு ஏறி ஒரு படம் எடுத்துக்கொண்டார். அப்போது காற்று கிழக்கிலிருந்துதான் வீசியது.

பியூலா அடுத்த ஊரிலிருந்து விஷயம் கேட்டு ஓடிவந்தபோது மாதேஸ்வரி தன் வீட்டுக்குள் நின்றுகொண்டிருந்தாள், சுவரில் முதுகைச் சாய்த்து, ஒன்பது மாத வயிற்றை இரண்டு கையாலும் அடியில் தாங்கி, கீழே வைத்தால் உடைந்துவிடும் என்பதுபோல. வாசலில் பெரியண்ணன் கட்டிலோடு வந்து நின்றான், போடத் தயங்கினான்.

"பயப்படாதீங்க," என்று பியூலா எல்லோருக்கும் பொதுவாகச் சொன்னாள். கதவைச் சாத்தி, பவளாயியைப் பதிந்து, கேனைத் தூக்கிக்கொண்டு பாறைக்கு ஏறி மூடியைத் திறந்தாள். வட்டம் முழுதாகச் சுற்றியது. பிறகு திரையில், இதைவிடப் புதிய பதிவு ஏற்கெனவே உள்ளது என்று எழுத்து வந்தது. கீழே எதுவும் நகரவில்லை.

புதிய பதிவு எப்படி இருக்க முடியும் என்று கடை முன்னால் எல்லோரும் திகைத்து நின்றபோது, பெரியண்ணன்தான் நாள்காட்டியை அண்ணாந்து பார்த்தான்.

"தீர்த்தகிரிண்ணே, இன்னிக்கு புதன்தான?"

"புதன்தான்பா. அது வறுகடலைக்குக் கிழிச்சது," என்றார் தீர்த்தகிரி. சொன்ன பிறகுதான் அவருக்கு விளங்கியது. அவர் முகம் நாள்காட்டித் தாள் போல வெளுத்தது. "ஐயோ. நர்சம்மா, உங்க டேப்லயும் தேதியைத் தள்ளி வைங்க. வெள்ளின்னு வைங்க. நான் இன்னும் ஒரு தாள் கிழிக்கிறேன்."

"ஒருதரம் தள்ளினா அப்புறம் தள்ளிக்கிட்டே போகணுண்ணே. நாளைக்கு மூணு மணி தாண்டிட்டா அவரோட பதிவு பழசாயிடும், அப்புறம் நாம பதியறது புதுசாயிடும். தானா திரும்பி வரும். மூணு வாரம் இருக்கு, ஒரு நாள்தான?"

அது நியாயமாகத்தான் பட்டது. அன்று இரவு மாதேஸ்வரி வீட்டு வாசலில் பெரியண்ணன் படுத்தான். பவளாயி உள்ளே, மாதேஸ்வரியின் காலடியில் படுத்தாள். பியூலா கடைசி பஸ்ஸை விட்டுவிட்டு அங்கேயே தங்கினாள்.

மறுநாள் வியாழன், சந்தை. ஊரின் ஒரே ஜீப் விடியுமுன்னே மிளகு ஏற்றிக்கொண்டு இறங்கிவிட்டது. வெயில் ஏறி, உச்சிக்கு வருவதற்குச் சற்று முன்னால், மாதேஸ்வரியின் பனிக்குடம் உடைந்தது.

தீர்த்தகிரி அரிசி மூட்டைமேல் ஏறி நின்று ஆம்புலன்ஸுக்குப் பேசினார். வருகிறோம் என்றார்கள், கிளம்பியும் விட்டார்கள், ஆனால் அத்தனை வளைவையும் ஏறி வந்தாக வேண்டும். சிலம்பாயி வெந்நீர் வைத்தாள். பியூலா தன் பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததெல்லாம் செய்தாள், சொல்லிக்கொடுக்காத சிலதும் செய்தாள். நடுவில் அவள் கதவைச் சாத்தி, நேற்று செய்யத் துணியாததைச் செய்தாள்: டேப்பின் தேதியை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளி, பவளாயியின் பெயரில் ஒரு பதிவு எழுதி, கேனுக்குள் இறக்கி மூடிவிட்டு, வெளியே வந்து பவளாயியைத் தனியே கூப்பிட்டாள்.

"பாறைக்குப் போய் மூடியைத் திறந்தா போதும். உன்கிட்ட வந்துடும். நீயே பெத்துக்கலாம்."

பவளாயி காற்றைப் பார்த்தாள். பலா இலைகள் ஒரு முறை கிழக்கே பார்த்துப் புரண்டன, ஒரு முறை மேற்கே பார்த்துப் புரண்டன.

"பாதி வழியில நின்னுட்டா?"

பியூலா கேன் மூடியை இன்னொரு முறை அழுத்தினாள்.

"தலை தெரியுதா நர்சம்மா?"

"இன்னும் இல்லை. கொஞ்ச நேரத்துல தெரியும்."

பவளாயி கேனை அவள் கையிலிருந்து வாங்கினாள். பாறைக்குப் போகும் வழியைப் பார்த்தாள், பதினோரு வருஷம் பார்க்கிற மாதிரி பார்த்தாள். பிறகு கேனைத் தூக்கிக்கொண்டு மாதேஸ்வரியின் வீட்டுக்குள் வந்து, பாயின் தலைமாட்டில் அதைத் தரையில் வைத்து, மூடியின்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இது என் அடியில இருக்கிற வரைக்கும் எங்கயும் போகாது," என்றாள். "நீ முக்கு மதினி."

மாதேஸ்வரி அவளைத் தலைகீழாக நிமிர்ந்து பார்த்தாள். அவள் கண்களில் வலியைத் தவிர இன்னொன்றும் இருந்தது, அது நேற்று மூன்று மணியிலிருந்து இருந்தது, பவளாயி அதை இரவெல்லாம் பார்த்திருந்தாள்.

"உன் புள்ளைய நான் வச்சிக்க மாட்டேன்டி," என்றாள் மாதேஸ்வரி, இரண்டு வலிக்கு நடுவே, மூச்சு வாங்கி வாங்கி. "ஆனா உன்கிட்ட குடுக்கறப்ப என் மூஞ்சியைப் பாக்காத."

"பாக்க மாட்டேன்."

"சத்தியமா?"

"இதுமேல சத்தியம்," என்று கேனைத் தட்டினாள் பவளாயி. அது உள்ளே ஏதோ இருப்பதுபோல் ஒலித்தது.

அதன் பிறகு நடந்தது எல்லா ஊரிலும் நடப்பதுதான், ஒன்றைத் தவிர: மாதேஸ்வரி கத்தும் ஒவ்வொரு முறையும் கேன்மேல் உட்கார்ந்திருந்தவள் பல்லைக் கடித்துக்கொண்டு மூடியின் விளிம்பைப் பிடித்தாள், அடுப்படியில் சிலம்பாயியும் கடைக்கு முன்னால் கூடியிருந்த மற்ற நாலு பெண்களும் சொல்லிவைத்தாற்போல் ஒரே நேரத்தில் முன்னால் குனிந்தார்கள், ஊர் முழுக்க வளையல்கள் ஒன்றாகக் கலகலத்து ஒன்றாக அடங்கின. வெளியே காற்று கிழக்கிலிருந்து பலமாகப் பிடித்துக்கொண்டது. ஓட்டுக்கூரை இடுக்கெல்லாம் ஊதியது. கேன் மூடி தானாக ஒரு முறை படபடத்தது. பவளாயி தன் முழுப் பாரத்தையும் அதன்மேல் வைத்தாள். வயிறு இல்லாத தன் உடம்பு இவ்வளவு லேசாக இருக்கிறதே என்று அவளுக்கு அப்போதுதான் பயம் வந்தது. சிலம்பாயி எழுந்துவந்து அவள் மடிமேல் உட்கார்ந்துகொண்டாள்.

ஆண் குழந்தை. அழுதது.

பியூலா தொப்புள்கொடியை வெட்டி, துணியில் சுற்றி, முறைப்படி மாதேஸ்வரியின் மார்பில் வைத்தாள். மாதேஸ்வரி அதன் உச்சியை முகர்ந்தாள். விரல்களைப் பிரித்துப் பார்த்தாள். சிலம்பாயி மடியை விட்டு எழுந்தாள், வெந்நீர்ச் சட்டியில் ஆவி அடங்கும் அளவுக்கு நேரம் போயிற்று.

"இந்தா," என்றாள் மாதேஸ்வரி.

பவளாயி கேன்மேல் இருந்தபடியே இரண்டு கையையும் நீட்டி வாங்கினாள். வாங்கும்போது முகத்தைத் திருப்பிச் சுவரைப் பார்த்தாள், சுவரில் காய்ந்த சாணிக் கோடுகளைப் பார்த்தாள், கையில் கனம் ஏறிய பிறகும், மாதேஸ்வரி சுவர்ப்பக்கம் புரண்டு படுக்கும் சத்தம் கேட்கும் வரை, பார்த்துக்கொண்டே இருந்தாள்.

ஆம்புலன்ஸ் வந்தபோது மூன்று மணி தாண்டியிருந்தது. அதில் வந்த பெண், தாய்மார் இருவரையும் பிள்ளையையும் நன்றாகச் சோதித்துப் பார்த்து, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டு, கையில் பேனாவோடு கேட்டாள்:

"நம்பர் சொல்லுங்க."

தீர்த்தகிரி மெல்லப் பின்னால் நகர்ந்து, கடைக்குள் போய், போனை ஆணியிலிருந்து கழற்றி அரிசி மூட்டைக்குள் புதைத்தார்.

"எங்க யாருகிட்டயும் போனே இல்லீங்க," என்றான் பெரியண்ணன்.

பிரசவத்தைப் பியூலா டேப்பில் பதியத்தான் வேண்டியிருந்தது. ஆனால் பிள்ளைக்குத் தலை நிற்கும் வரை பவளாயி கேனைத் திறக்க விடவில்லை. திறந்து, பவளாயியின் பெயரில் பதிந்து, பாறையில் வட்டம் சுற்றியபோது, கீழே பெரியண்ணன் பிள்ளையின் ஒரு காலையும் சிலம்பாயியின் கணவன் மறு காலையும் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிள்ளை போகவில்லை; பிறந்தவர்களை சர்வர் நகர்த்துவதில்லை. அடுத்த மழைக்காலத்தில் தாய்த்தடம் திட்டம் முடிந்தது. மாதேஸ்வரி தினமும் ஒரு முறை பவளாயி வீட்டுக்கு வந்து பிள்ளையைக் குளிப்பாட்டிவிட்டுப் போகிறாள். அவள் குளிப்பாட்டும்போது பவளாயி சுவர்ப்பக்கம் திரும்பித் துணி மடிக்கிறாள். தீர்த்தகிரி கடையில் இப்போது பழைய செய்தித்தாள் கட்டாக வாங்கி வைத்திருக்கிறார்கள்.

பிள்ளை நன்றாக இருக்கிறான். இன்பராஜின் டேப்பில் இருந்த வியாழக்கிழமையோடு வந்தவன் என்பதால் எல்லாவற்றிலும் ஒரு நாள் முன்னால் இருக்கிறான்; இன்றைக்கு அவன் தும்மினால் நாளைக்கு மழை. மேலூத்தில் மிளகு காயப்போடுகிறவர்கள், பவளாயி வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பாயை விரிக்கிறார்கள்.